நல்ல தண்ணீருக்கு மார்க் இல்லை

வேலப்பன்சாவடி
6.2.2025

திருமதி ஹேமாவதி கங்காதரன் அவர்களுக்கு,

‘அண்ணி’ என்று ஆரம்பிக்க இன்றைக்குக் கை வரவில்லை. கவர்மென்ட் கடிதம் மாதிரியே இருக்கட்டும்.

டிபன் கேரியரைத் திருப்பி அனுப்புகிறேன். அண்ணன் அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிற வழியில் ஹாஸ்டல் கேட்டில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டுத் தலையைத் தூக்காமல் போய்விடுகிறார். செக்யூரிட்டி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நம் சென்னீர்குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஏறினால் சில்லறை தேடுவதற்குள் இங்கே இறங்கிவிடலாம். சண்டை போட்டு ஹாஸ்டலுக்கு வந்து, இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு கடுதாசி எழுதுகிறேன். உங்கள் நம்பரை பிளாக் செய்தது நான்தான். குரலைக் கேட்டால் மறுபடியும் கத்துவேன்.

அன்றைக்கு வீட்டில் நான் கத்தியதில் பாதி உங்களுக்குப் புரிந்திருக்காது. அதனால் வரிசையாக எழுதுகிறேன். நான் படிப்பது பூமி, சுற்றுச்சூழல் அறிவியல். ‘கல்லு மண்ணு படிப்பு’ என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறாரே, அதுதான். இதில் பட்டம் வாங்கப் பரீட்சை மட்டும் எழுதினால் போதாது. கடைசி வருஷம் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்டது நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர். ஐந்து கிணறுகளில் மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை தண்ணீர் எடுத்து லேபில் கொடுக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் ஆய்வு. ஆய்வு இருந்தால்தான் பட்டம்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து நம் வீட்டு பிரிட்ஜில் வைத்தேன். நான் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்த நேரத்தில் நீங்கள் அந்த ஐந்து பாட்டிலையும் கொட்டிக் கழுவி, கேன் தண்ணீரை ஊற்றி, அதே இடத்தில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் தண்ணீர் பளிச்சென்று இருந்ததைப் பார்த்து, மண் எல்லாம் அடியில் படிந்துவிட்டது என்று நினைத்து எடுத்துப் போனேன். மூன்று வருஷம் இதைப் படித்தவள் நான்!

ஜனவரித் தண்ணீரை நேராக லேபுக்குக் கொண்டு போனேன். போன வாரம் துறைத் தலைவர் ஜெகதீசன் சார் இரண்டு ரிசல்ட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஜனவரியில் ஐந்து கிணறும் ஐந்து விதம். செப்டம்பரில் ஐந்தும் புள்ளிக்குப் பின்னால் வரை ஒன்றே.

“என்னம்மா தாட்சாயிணி, அஞ்சு கிணறும் ஒரே வயித்துல பொறந்துச்சா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அப்புறம் சிரிக்கவில்லை. கிணற்றுப் பக்கமே போகாமல் எங்கேயோ ஒரு கேனில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார்கள். மார்ச் மாதம் முதல் திங்கட்கிழமை கமிட்டி உட்காருகிறது. பொய்த் தரவு என்று அவர்கள் எழுதிவிட்டால் காலேஜிலிருந்தே என் பெயரை எடுத்துவிடுவார்கள். பட்டம் கிடையாது.

நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் காலேஜுக்கு வந்து, ‘நான்தான் தண்ணீரை மாற்றினேன்’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

புளிசாதம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

தாட்சாயிணி


சென்னீர்குப்பம்
8.2.2025

தாட்சாவுக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. அதனால் நானும் கேட்கப் போவதில்லை. புளிசாதம் நன்றாக இருந்ததா, சந்தோஷம். எள்ளு வறுத்துப் போட்டேன்.

மாற்றினேன். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? நீ கேட்டதும், “ஆமா, நாந்தான் மாத்தினேன், இன்னா இப்போ?” என்றுதானே சொன்னேன். ஒளிக்கிற காரியமாக இருந்தால் அப்படிச் சொல்வேனா?

கதையை என் பக்கத்திலிருந்தும் கேள். பிரிட்ஜைத் திறந்தால் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஐந்து பாட்டில். ஒன்றைத் திறந்து மோந்தேன், குமட்டிக்கொண்டு வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற கிணறு, தெரியாதா? பெண் காலேஜில் மார்க் வாங்க எடுத்துப் போகிற தண்ணீர் இப்படி நாறுகிறதே என்று எனக்குத் திக்கென்றது. உங்கள் அண்ணன் சின்ன வயதில் பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்குக் காய்கறி கொண்டு போவாராம், அழுகாததாகப் பார்த்து எடுப்பாராம். அதுபோலத்தான் இதுவும் என்று நினைத்தேன். நல்ல தண்ணீருக்கு நல்ல மார்க். அன்றைக்கு நம் கேன்காரர் வரவில்லை. வேறு ஒரு புது கேன் இருந்தது, சீல் உடைக்காதது. பாட்டிலைக் கழுவியதும் அதே தண்ணீரில்தான், அவ்வளவு மரியாதை செய்தேன். நீ ஒட்டியிருந்த சீட்டுகள் நனையாமல் கழுவ எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியாது.

ஐந்தையும் ஏன் மாற்றினீர்கள் என்று அன்றைக்குக் கேட்டாய். நம் வீட்டுக் கிணறு மட்டும் நன்றாக இருந்து மற்றவர்களுடையது நாறினால், நீ வேண்டுமென்றே செய்தாய் என்று ஊர் பேசாதா? அதனால்தான் ஐந்துமே.

இது என் முட்டாள்தனம். சரி. ஆனால் நீ என்ன சொன்னாய்? “படிக்காத முண்டம்.” மாடிப் போர்ஷன் பவ்யா கிண்ணத்தோடு படியில் நின்றுகொண்டிருந்தாள். குழம்பு கொடுக்க வந்தவள். அன்றிலிருந்து அந்தப் பெண் என்னைப் பார்த்தால் குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுகிறாள். நான் பன்னிரண்டாவது பாஸ், தாட்சா. பயாலஜி குரூப். அதற்கு மேல் படிக்க வைக்கவில்லை, கல்யாணம் செய்து வைத்தார்கள். நான் படிக்காதவளாகவே இருக்கட்டும். படிக்காதவள் காலேஜுக்கு வந்து என்ன சொல்லி, யார் நம்பப் போகிறார்கள்? நான் வரமாட்டேன்.

கேரியரில் மேல் தட்டில் வடை இருக்கிறது. ஆறுவதற்குள் சாப்பிடு.

ஹேமாவதி


வேலப்பன்சாவடி
11.2.2025

அண்ணி,

எழுதிவிட்டேன், போதுமா?

அந்த வார்த்தை தப்புதான். ஆனால் நீங்கள் செய்ததற்கும் நான் சொன்னதற்கும் ஒரே தராசு வைக்காதீர்கள். வார்த்தை ஆறிவிடும். பட்டம் போனால் போனதுதான்.

இந்தப் பட்டத்துக்கு இவர்கள் என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் முகாம் போட்டார்கள். பங்குனி வெயிலில் சுத்தியலும் கையுமாகக் கல் தட்டிக்கொண்டு நின்றேன். அதற்கு அனுப்ப அப்பாவிடம் எத்தனை நாள் அண்ணன் கெஞ்சினார். கணக்குப் பேப்பரில் அரியர் விழுந்து திரும்ப எழுதினேன். பூமி அறிவியலுக்கு எதற்கு இவ்வளவு கணக்கு என்று யாரும் பதில் சொல்லவில்லை. வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று காய்ச்சலோடு போய் உட்கார்ந்தேன். கைகுலுக்குவது எப்படி என்று ஒரு பேப்பர் வேறு, அதற்கும் கிரெடிட்டாம்! ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கியதற்கு ஒரு சர்டிபிகேட். அது தொலைந்து, இன்னொரு தடவை பொறுக்கினேன். ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி வந்து கடைசிப் படியில், ஐந்து பாட்டிலில் வழுக்கி விழுந்திருக்கிறேன். எரிச்சலாக இருக்கிறது, அண்ணி. அழுகை கூட வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

இதைக் கேளுங்கள். உங்கள் நல்ல தண்ணீருக்கு மார்க் இல்லை. அது நல்ல தண்ணீரும் இல்லை. செப்டம்பர் ரிசல்ட்டில் ஐந்து பாட்டிலிலும் கோலிபார்ம் இருக்கிறது. சாக்கடை எங்கேயாவது கலந்தால் வருகிற கிருமி அது. குடிக்கிற தண்ணீரில் ஒன்று கூட இருக்கக் கூடாது.

ஜெகதீசன் சாரிடம் நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன். “அண்ணி கழுவி ஊத்திட்டாங்களா? நாய் ஹோம்வொர்க்க தின்னுடுச்சுன்னு கூட பசங்க சொல்லுவாங்கம்மா” என்றார். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தார். மாற்றியவர் நேரில் வர வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே ஒரு கேன் கொண்டு வர வேண்டும். யாருடைய கேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை லேபில் பார்ப்பார்கள். உப்பு, கிருமி, எல்லாம் செப்டம்பர் ரிசல்ட்டோடு ஒத்துப்போனால் நான் பொய் சொல்லவில்லை என்று ஏற்றுக்கொள்வார்கள். மே மாதம் கோடையில் மறுபடி கிணற்றுத் தண்ணீர் எடுத்து, ஜூலையில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு வைத்து, இந்த வருஷமே பட்டம் வாங்கிவிடலாம். ஒத்துப்போகவில்லை என்றால் கதை முடிந்தது.

எந்தக் கடை கேன் என்று எழுதுங்கள். நானே போய் வாங்கி வைக்கிறேன். நீங்கள் வந்து நின்று, ‘ஆமாம்’ என்று சொன்னால் மட்டும் போதும்.

வடை ஆறித்தான் இருந்தது. நானும் ரூம்மேட் திவ்யாவும் சாப்பிட்டோம்.

தாட்சா


சென்னீர்குப்பம்
14.2.2025

தாட்சா,

அது கடைக் கேன் இல்லை. வேலுசாமி கொண்டு வந்தது.

என் தம்பி வேலுசாமிதான். காட்டுப்பாக்கத்தில் அவன் நடத்துகிற கேன் தண்ணீர் பிளான்ட்டில் பிடித்தது. அன்றைக்கு என்னைப் பார்க்க வந்தவன், வண்டியில் இருந்ததில் ஒன்றை இறக்கிவிட்டுப் போனான். நான் உன் பாட்டிலில் ஊற்றும்போது என்ன நினைத்தேன் தெரியுமா? என் தம்பி தண்ணீர் காலேஜ் லேபுக்குப் போகிறது, முதல் மார்க் வாங்கும் என்று நினைத்தேன். சிரிக்காதே.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவன் எப்படி இருந்தான் என்று உனக்கே தெரியும். உன்னோடு கேரம் ஆடிக்கொண்டு, பகல் முழுக்க நம் வீட்டில் கிடப்பான். அப்புறம்தான் அந்த பிளான்ட். அம்மா அவனோடு இருக்கிறாள். நான் தீபாவளிக்குப் போனால் அந்தத் தண்ணீர்தான் குடிக்கிறேன். அந்தத் தெருவே குடிக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் லேப் தப்பு. மிஷினைச் சரியாகத் துடைத்திருக்க மாட்டார்கள்.

நேற்று விளக்கேற்றி நின்றேன், என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வேலுசாமி தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று வேண்டினால் உன் படிப்பு போகும். கெட்டிருக்கட்டும் என்று வேண்டினால் என் தம்பி பிழைப்பு போகும். இரண்டில் எதைக் கேட்பது? சாமிக்கே குழப்பமாக இருக்கும் என்று ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

உனக்காக என்னைச் சமைக்கச் சொல், துணி துவைக்கச் சொல், உங்கள் அப்பாவிடம் திட்டு வாங்கச் சொல். கூடப் பிறந்தவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று மட்டும் சொல்லாதே. என்னைக் கேட்காதே.

ஹேமாவதி


வேலப்பன்சாவடி
17.2.2025

அண்ணி,

வேலுசாமி மாமா கேன் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தை அப்படி எழுதியிருக்க மாட்டேன். வேறு எப்படி எழுதியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

லேப் தப்பில்லை, அண்ணி. ஐந்து பாட்டிலும் ஐந்து தடவை தப்பாகுமா? நீங்கள் என் மேல் எவ்வளவு கோபப்பட்டாலும் சரி, உங்கள் அம்மாவைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். அந்தத் தெருவில் கைக்குழந்தை இருக்கிற வீடு எத்தனை இருக்கும்?

இங்கே புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. கமிட்டிக்கு முன்னாலேயே, ‘நான்தான் கேன் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றினேன், மன்னிக்கவும்’ என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டால், பெயரை எடுக்க மாட்டார்களாம். கடைசி வருஷத்தை முழுதாகத் திரும்பப் படித்தால் போதுமாம். ஆபீசில் அதற்கு டைப் அடித்த தாளே வைத்திருக்கிறார்கள். பேரும் ரிஜிஸ்டர் நம்பரும் போட இடம் விட்டிருக்கிறது. எத்தனை பேர் இதில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்! அதில் எத்தனை பேர் நிஜமாகவே ஏமாற்றியவர்கள்?

செய்யாத தப்பைச் செய்தேன் என்று எழுதினால் இன்னொரு வருஷம். ஆனால் அப்பா என்ன சொல்லிச் சேர்த்தார்? “மூணு வர்சம். அதுக்கு மேல படிப்புன்னு வாயத் தொறக்கக் கூடாது.” நம் அப்பா எத்திராஜ் நாயகர் சொன்னால் சொன்னதுதான். ஆக, கையெழுத்துப் போட்டாலும் பட்டம் இல்லை, போடாவிட்டாலும் பட்டம் இல்லை. போட்டால் காலேஜில் திருடி என்று மட்டும் பேர் வராது, மன்னிப்புக் கேட்ட திருடி என்று வரும்.

உங்களை வரச் சொல்லவில்லை. இனி கேட்க மாட்டேன். நீங்கள் உங்கள் தம்பியைப் பார்க்கிறீர்கள், அதில் தப்புச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஆத்திரம் இருக்கிறது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அது உங்கள் சாப்பாட்டின் மேல் திரும்பிவிடும் போல இருக்கிறது, அதனால் நாளையிலிருந்து பை அனுப்ப வேண்டாம்.

தாட்சா


சென்னீர்குப்பம்
22.2.2025

தாட்சா,

பை வந்துகொண்டுதான் இருக்கும். சாப்பாட்டின் மேல் ஆத்திரம் வந்தால் தின்று தீர்.

நேற்று காட்டுப்பாக்கம் போனேன். உங்கள் அண்ணனிடம் அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றேன், பிளான்ட்டுக்குத்தான் போனேன். திறப்பு விழாவுக்கு அப்புறம் உள்ளே போனது இதுதான் முதல் தடவை. எப்போதும் வாசலில் நின்று, “நல்லா நடக்குதாடா?” என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். உள்ளே ஷெட்டில் தரையெல்லாம் ஈரம். திரும்பி வந்த காலி கேன்களைக் கழுவுகிற தொட்டியில் பாசி. அதற்கு ஓர் அடி தள்ளி, கக்கூஸ் சுவர்.

கேன் பிடிக்கிற குழாய்க்கு மேலே நீளமாக ஒரு கண்ணாடிக் குழல் இருந்தது. கிருமியைக் கொல்கிற நீல விளக்கு என்று அவனே திறப்பு விழாவில் எனக்குக் காட்டியது. எரியவில்லை.

“இன்னாடா, லைட்டு எரியல?” என்றேன்.

“அது போயி ரொம்ப நாளாவுது. தண்ணி வந்துகினுதானே கீது?” என்றான்.

“இத்த குடிச்சா இன்னா ஆவும்னு தெரியுமா?”

“உன் நாத்தனாரு சொல்லிக் குடுத்து அனுப்பிச்சா? எல்லாரும் இப்டிதாங்கா ஓட்டினு கீறாங்க. நீ வேற ரோதன பண்ணாத.”

கடையை இரண்டு வாரம் மூடி எல்லாவற்றையும் சரி செய் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். மூடினால் வீடுகள் வேறு கேனுக்குப் போய்விடும், திரும்பி வராது என்கிறான். அதுவும் நிஜம். நான் அவன் மேல் பரிதாபப்பட்டுக்கொண்டேதான் திட்டினேன், திட்டிக்கொண்டேதான் பரிதாபப்பட்டேன். அம்மா மோர் கொண்டு வந்து கொடுத்தாள். குடிக்க முடியவில்லை, தாட்சா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எந்தத் தண்ணீரில் கலக்கினாள் என்று கேட்கவும் முடியவில்லை. “எங்க ஊட்டு மோரு எறங்கலியா ஒனக்கு?” என்றாள்.

லேப் தப்பில்லை. நீ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

என்ன செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை. நீ அந்த டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போடாதே. அண்ணி சொல்கிறேன், போடாதே.

ஹேமாவதி


வேலப்பன்சாவடி
27.2.2025

அண்ணிக்கு,

போட்டுவிடப் போகிறேன். திங்கட்கிழமை காலையில் கமிட்டி ஆரம்பிக்கும் முன்னால் கொடுத்தால் போதுமாம்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நன்றாக யோசித்தேன். எனக்குப் போவது ஒரு பட்டம். உங்களுக்குப் போவது பிறந்த வீடு. என் ஆத்திரத்தில் இதை முதலிலேயே பார்க்கவில்லை. அரியலூருக்கு நான் கிளம்பியபோது அப்பா பேப்பரில் தலையை விட்டுக்கொண்டார், அண்ணன் வாசலில் நின்றார், என் பையைத் தைத்துக் கொடுத்து, “போய்ட்டு வா, கல்லத் தவிர வேற எதையும் தலையில போட்டுக்காத” என்று அனுப்பியது நீங்கள்தான். உங்களைப் போய் நான் படிக்காத முண்டம் என்றேன். பவ்யா முன்னால் சொன்னேன், அதனால் பவ்யா முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிறேன். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன்.

வேலுசாமி மாமாவை அந்த விளக்கை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எனக்காக இல்லை.

எனக்கு இது பிடிக்கவில்லை, அண்ணி. நியாயமும் இல்லை. ஜெகதீசன் சார் காரிடாரில் என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். அவர் பாடத்தில் முதல் மார்க் வாங்கியவள் நான். அவர் முகத்துக்கு நேராக, ‘ஏமாற்றினேன்’ என்று தாளை நீட்ட வேண்டும்.

தாட்சா


சென்னீர்குப்பம்
3.3.2025

தாட்சா,

நீ காலையிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறாய். இப்போதுதான் பிளாக்கை எடுத்திருக்கிறாய் போல. நான் போனை எடுக்க மாட்டேன். எடுத்தால் அழுவேன், நீயும் அழுவாய், சொல்ல வேண்டியது நின்றுவிடும். இந்தக் கடிதத்தை உங்கள் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு அவரோடு வா.

சனிக்கிழமை உங்கள் அண்ணனோடு வேலுசாமியிடம் போனேன். திருட்டுத்தனமாக எடுக்கவில்லை. அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். “ஒரு கேன் குடு. தாட்சா காலேஜுக்கு எடுத்துனு போவணும். ஒம் பேர எழுதிக் குடுக்கப் போறேன்.” சும்மா விளையாடுகிறேன் என்று முதலில் சிரித்தான். அப்புறம் அவனே ஒரு கேனைத் தூக்கி வந்து உங்கள் அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தான்.

“எடுத்துனு போ. ஆனா இந்த வாசப்படிய இனிமே மிதிக்காத.”

அம்மா அங்கேதான் நின்றாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். உள்ளே போய்விட்டாள்.

கேனை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். காலேஜ் வாசலில் இறங்கும்போது உங்கள் அண்ணன், “நான் தூக்கினு வரவா?” என்றார். வேண்டாம் என்றேன். நீ மேலே ஹாஸ்டலில் இருந்திருப்பாய். உன்னைப் பார்க்க வரவில்லை. பார்த்தால் நீ தடுத்துவிடுவாய்.

உங்கள் ஜெகதீசன் சார் ரூமில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். கேனை மேஜை மேல் வைத்தேன். தாள் எல்லாம் நனைந்தது, பதறி எடுத்தார்.

“நீங்கதான் அந்த அண்ணியா?” என்றார். “எதுக்கும்மா பாட்டில கழுவுனீங்க?”

“நாறிச்சி சார்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “சிரிக்காதீங்க சார்” என்றேன். “நீங்க அந்தப் பொண்ணுகிட்ட வெயில்ல கல்லு தட்டச் சொன்னீங்க, தட்டினா. குப்ப பொறுக்கச் சொன்னீங்க, ரெண்டு தபா பொறுக்கினா. கெணத்துத் தண்ணி எடுக்கச் சொன்னீங்க. கயிறு இறுக்கி அவ கையில கொப்புளம், நாந்தான் மருந்து போட்டேன். தப்பு எம் மேல. அவள திருடின்னு எழுதாதீங்க.” கையெழுத்துப் போட்டேன். யாருடைய பிளான்ட் என்ற இடத்தில் தம்பி பெயரை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. மற்ற இருவரில் சின்ன வயது சார் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு எழுதினேன்.

இன்றைக்குக் காலையில் உங்கள் சார் எனக்கே போன் செய்தார். எல்லாம் ஒத்துப்போகிறதாம். உப்பும் அதுதான், கிருமியும் அதுதான். கமிட்டியில் உன் மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்களாம். உன் டைப் அடித்த தாளை உன் கையிலிருந்து வாங்கி அவரே கிழித்தாராம், அதை நீயே எனக்குச் சொல்லத்தான் போன் செய்துகொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். மே மாதம் தண்ணீர், ஜூலையில் வைவா. உங்கள் அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். “மூணு வர்சம்னீங்க மாமா. ஜூலைல முடியிது. அது வரைக்கும் யாரும் அவகிட்ட எதுவும் பேசக் கூடாது” என்றேன். மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். சரி என்று சொல்லவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வாசலில் நாங்கள் பேசிய பேச்சு வேலுசாமி தெருவில் பரவிவிட்டது. நேற்றிலிருந்து பாதி வீடு கேன் வாங்கவில்லையாம். அம்மா நேற்று சாயங்காலம் போன் செய்தாள். “கூடப் பொறந்தவன் வயித்துல அடிச்சிட்டியேடி, ஒனக்கு இனிமே இங்க யாரும் இல்ல” என்றாள். தண்ணீர் கெட்டுத்தானே இருந்தது என்று நான் சொன்னேன். கெட்டிருந்தால் வீட்டுக்குள் சொல்ல வேண்டியதுதானே, ஊருக்கு எதற்குச் சொன்னாய் என்றாள். போனை வைத்துவிட்டாள்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நன்றி எல்லாம் சொல்லாதே, கேட்டால் எரிச்சல் வரும். பவ்யா முன்னால் மன்னிப்பும் வேண்டாம், அவள் இன்னும் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

ஒன்று மட்டும் செய். பாஸ் ஆகு. எதற்காக அம்மா வீட்டை விட்டாய் என்று நாளைக்கு யாராவது என்னைக் கேட்டால், இதோ இவளுக்காக என்று காட்ட எனக்கு நீ வேண்டும், தாட்சா.

ஹேமாவதி